பரணில் இருந்த சாக்கும் படகு மோட்டாரும்

நாமெல்லாம் மாற்றல் உத்தரவுக்குப் பயந்தே தலை நரைத்தவர்கள். தபால் கட்டு வருகிற நேரம் பார்த்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும், நானும் போயிருக்கிறேன். ஆனால் அந்தப் பயம் எனக்கு உத்தியோகத்தோடு வந்ததில்லை. பாவாடை கட்டிய வயதிலேயே, கொல்லிமலையில், வந்துவிட்டது. அப்போது அது உத்தரவாக வரவில்லை. பரணிலிருந்து இறங்கும் ஒரு கோணிச் சாக்காக வந்தது.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். மலைமேல் காப்பியும் ஆரஞ்சும் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அப்பா இயந்திர மேஸ்திரியாக இருந்தார். காப்பிப் பழம் உரிக்கிற இயந்திரம், பங்களாவின் தண்ணீர் பம்பு, சுவர்க் கடிகாரம் எல்லாம் அவர் பொறுப்பு. அப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. ஒழுங்காக ஓடுகிற இயந்திரத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் வரும். திறந்து பார்த்தால்தான் மனம் ஆறும். திறந்ததை மூடவும் அவருக்குத் தெரியும். அதுவரை காத்திருக்கத்தான் முதலாளிகளுக்குத் தெரியாது. சமவெளியில் ஓர் அரிசி ஆலை, பிறகு ஒரு பஞ்சாலை, பிறகு யாரோ ஒரு ஜமீனின் கிணற்று என்ஜின். எல்லா இடத்திலும் அறுவடை உச்சத்தில் அல்லது தண்ணீர் வற்றிய கோடையில், இயந்திரம் துண்டு துண்டாகத் துணிமேல் கிடக்கையில் அவருக்கு வேலை போயிற்று.

வேலை போனால் அம்மா சாக்கை இறக்குவாள். முதலில் அண்டா, அதற்குள் குண்டான், அதற்குள் சொம்புகள், இடுக்குகளில் எங்கள் துணிகள். நேரே சேந்தமங்கலம், அம்மாவின் அப்பா, என் அப்புச்சி வீடு. அப்புச்சி வாய் திறக்க மாட்டார். வீட்டை நடத்தியவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. கடைவீதியில் வண்டிச் சாமான் கடை வைத்திருந்தார். சக்கரப் பட்டை, கடையாணி, வண்டி மை எல்லாம் அங்கே கிடைக்கும்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. இந்தத் தடவை எத்தனை மாசத்துக்குங்க?" என்பார் வாசலிலேயே. எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார்.

சாப்பாட்டு நேரம்தான் எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி மறுபடியும் மறுபடியும் குடிக்கிற மனிதர், அந்த வீட்டில் கரண்டி சாயும் முன்பே "போதும்" என்று இலைமேல் கையை விரித்துவிடுவார். மலைக்கு வந்த பிறகு, பள்ளிக்கூடம் இல்லாத குறையும் அட்டைக்கடியும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாக்கு பரணில் இருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். இருந்தால் போதும்.

தோட்டத்துக்குக் கீழே ஓர் ஏரி இருந்தது. ஏரி என்பது மரியாதைக்கு. கரையைச் சுற்றி நடந்தால், வாயில் போட்ட வெற்றிலை சக்கையாவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அதில் ஓட்டத் துரை ஒரு படகும், படகின் பின்பலகையில் மாட்டுகிற பழைய மோட்டார் ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார். வண்டி ஏறாத மலை. அடிவாரத்திலிருந்து நாலு பேர் அதை மூங்கிலில் கட்டி, வேட்டையாடின பன்றியைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார்களாம். ஏரிக் காவல்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் மலையிலேயே அரியூர் நாடு என்கிற பகுதியில் சாமை விதைக்கிற குடும்பத்துக்காரர்.

"கழியில ரெண்டு தள்ளு தள்ளுனா அக்கரை வந்துருமுங்க மேஸ்திரி. இத கயிறு சுத்தி இழுத்து, அது இருமி, பொகைஞ்சு, கோவிச்சுக்கிட்டு நின்னு... அதுக்குள்ளார நான் நடந்தே போயி ஒரு தூக்கம் போட்டுருவேன்."

அந்த வருஷம் மழைக்கு முன்னால் மோட்டாரின் அடியிலிருந்து காப்பிக்கொட்டை அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே என்ஜின், கீழே தண்ணீருக்குள் சுற்றுகிற காத்தாடி, இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளக் குழாய்க்குள் தண்டு. மேலிருந்து செங்குத்தாக வருகிற சுழற்சியைக் கீழே படுக்கையாகத் திருப்பிவிட இரண்டு பல் சக்கரங்கள். அவை குடியிருக்கும் உலோகக் கூடுதான் கியர் பெட்டி. நடுத்தரப் பப்பாளி அளவு. அதற்குள் தண்ணீர் புகுந்து பல்லைத் தின்றுகொண்டிருந்தது.

சென்னைக்கு அனுப்பலாம் என்றார் துரை. அப்பா வழக்கம்போல், "நானே பார்த்துடறனுங்க துரை" என்று சொல்லிவிட்டார்.

பூஜை விடுமுறை முடிந்ததும் கலெக்டர் மலையில் முகாம் போட வருவதாக இருந்தது. அவரைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது என்று துரை முடிவு செய்திருந்தார். ஆகவே அவர் தமக்குத் தெரிந்த தமிழில் விதிமுறையைத் தெளிவாகச் சொன்னார்: "மோட்டார் ஓடுது, நீ இருக்குது. மோட்டார் நிக்குது, நீ போகுது." என் உத்தியோக காலத்தில் இத்தனை குழப்பமில்லாத உத்தரவு ஒன்றை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டு முன்னறை பட்டறையாயிற்று. பிஸ்கட் தகரத்தில் மண்ணெண்ணெய். அதில் ஊறிய திருகாணிகள். அப்பா கூட்டின் மூடியைக் கழற்றியபோது உள்ளிருந்து கிரீஸ் வரவில்லை. தண்ணீரோடு கலந்து திரிந்து, புளித்த மோர் மாதிரி ஏதோ வழிந்தது. காத்தாடித் தண்டு சுழல்வதற்கு உள்ளே ஒரு வெண்கல வளையம் இருக்கும், புஷ் என்பார்கள். அது ஒரு பக்கமாகத் தேய்ந்து, தண்டு ஆடிப்போய்ப் பல்லோடு பல் மோதியிருந்தது. புது புஷ் கடைய நல்ல வெண்கலம் வேண்டும். அப்பா மாமாவுக்குச் சொல்லியனுப்பினார்.

வெண்கலம் வந்தது. கூடவே மாமாவும் வந்தார்.

"ஆயுத பூஜைக்குத் தங்கச்சி ஊட்டுல இருந்து எத்தனை வருஷமாச்சு! அதான் கடையைப் பையங்கிட்ட உட்டுட்டு வந்தேன்" என்றார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பிறகு முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். "இதென்னுங்க மாப்பிள்ளை, மோட்டாரா, பழைய இரும்புக் கடையா?"

"மூடுனா மோட்டாருங்க மச்சான்."

"மூடுனாத்தானே?"

அப்பா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு ஏற்கெனவே தெரியும். பரணைப் பார்த்தேன். சாக்கு இருந்தது.

அப்பா புஷ்ஷைக் கடைந்து அராவி முடித்தார். பல் சக்கரங்கள் இரண்டும் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்க ஒரு பல்லில் மை பூசிச் சுற்றுவார்கள். மறு பல்லில் மை எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் இரண்டும் தொடுகின்றன என்று அர்த்தம். பிற்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் இந்த வேலைக்கு நீலப் பசை ஒன்று வாங்குவோம். ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒப்பிட்டு, ஒப்புதல் பெற்று, அது வருவதற்குள் இயந்திரம் துருப்பிடித்துவிடும். அப்பா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"குங்குமம் கொஞ்சம் கொண்டா. வெளக்கெண்ணையும்."

அம்மா சிமிழோடு ஓடி வந்தாள். முகத்தில் அத்தனை வெளிச்சம். "சாமி இல்லேம்பீங்க, குங்குமம் எதுக்குங்க?"

"சாமிக்கில்ல. பல்லுக்கு."

அம்மாவின் முகம் கொஞ்சம் இறங்கிற்று. இருந்தாலும் கொடுத்தாள். மரச்சிமிழ் அது, மூடியில் கிளி செதுக்கியது; எந்த வீடு மாறியதில் தொலைந்ததோ தெரியவில்லை. சக்கரத்தின் பல்லில் சிவப்பு பூசி அப்பா மெதுவாகச் சுற்றியதும், எதிர்ப் பல்லின் நடுவில் அழகாக ஒரு சிவப்புக் கீற்று விழுந்தது. "பாத்தியா கண்ணு? நடுவுல விழுந்திருக்குது" என்றார் என்னிடம். மண்ணெண்ணெயில் அதைத் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்தார். மறுநாள் மாட்டி மூட வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் ஆயுத பூஜை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் கற்பூரம் காட்டி எடுத்த பிறகுதான் வேலை. அப்பாவுக்குச் சாமியும் கிடையாது, சாம்பலும் கிடையாது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து ஆட்களிடம் மணிக்கணக்கில் இதைப் பேசுவார். அவருக்கு வேலை நிலைக்காததற்கு இதுதான் காரணம் என்பது சேந்தமங்கலத்தின் தீர்ப்பு.

"ஒரு நாள் போனாப் போச்சாதுங்க. ஸ்பேனரை எல்லாம் பலகையில வெச்சுட்டேன்" என்றாள் அம்மா.

"மோட்டாரையும் வெய்யி. நல்லா நாலு எடத்துல பொட்டு வெய்யி. அதுக்குத்தான் ரொம்பத் தேவை" என்றார் மாமா.

அப்பாவுக்குக் குரல் உயர்ந்தது. "வெளிய எதுல வேணும்னாலும் வெச்சுக்க. உள் சாமான்ல ஒரு துளி சந்தனம் பட்டாலும் பல்லு போயிரும். தொட்றாத."

அம்மா தொடவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். குழாயின் வெளிப்புறத்தில், கைப்பிடியில், ஸ்பேனர்களில், அரிவாள்மணையில், என் சிலேட்டில், எல்லாவற்றிலும் மோதிர விரலால் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். துணிமேல் இருந்த உள் சாமான்களை ஒரு முழம் தள்ளியே சுற்றி வந்தாள். பிற்பகல் பொரி கடலை கொடுக்க நாங்கள் மூவரும் லயத்துக்குப் போனோம். அப்பா வரவில்லை. தலைவலி என்றார்.

மறுநாள் கற்பூரம் அணைந்த உடனே புஷ்ஷைக் கூட்டுக்குள் வைத்து, மரக்கட்டை கொடுத்துத் தட்டி இறக்கினார். தண்டு, சக்கரம், கனமான காகிதத்தில் வெட்டிய வளையம், மூடி. திருகாணிகளை எதிரெதிராக முடுக்கினார். காத்தாடியைப் பிடித்துச் சுற்றினார்.

சுற்றவில்லை.

திருகாணியைத் தளர்த்தினால் சுற்றியது. முடுக்கினால் பிடித்தது. மூடியைத் திறந்து காகித வளையத்தை மாற்றினார். இரட்டை வளையம் போட்டுப் பார்த்தார்; சுற்றியது, ஆனால் மூடிவழியே கிரீஸ் பிதுங்கியது. சிகரெட் டப்பாத் தகட்டில் வெட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்திருந்த மெல்லிய வளையத்தை எடுத்துவிட்டார். பல்லோடு பல் கரகரத்தது. மறுபடி போட்டார், பிடித்தது. வெளியே பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. உள்ளே மண்ணெண்ணெய் நாற்றத்தில் எங்கள் சோறுகூட அந்த வாசம்தான் அடித்தது. மாமா நாற்காலியை அப்பாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிலைக்கு மட்டும் எழுந்திருப்பார்.

"எங்க கடையில கடையாணி வாங்குறவன் எவனும் இப்படி முழிக்கறதில்லீங்க மாப்பிள்ளை. மாட்டுனா சக்கரம் சுத்தும்."

"வண்டிக்குப் பல்லு இல்லீங்க மச்சான்."

"இருக்கற பல்லையும் புடுங்கிட்டுத்தான் உடுவீங்க போல."

இப்படியே நாட்கள் போயின. ஒரு காலையில் எழுந்து பரணைப் பார்த்தேன். சாக்கு இல்லை. அடுப்படி மூலையில் மடித்து வைத்திருந்தது. நான் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர் பார்த்துவிட்டார்.

"இதை எதுக்கு எறக்குன?"

"சும்மா. எலி கடிச்சிருக்குதான்னு பாக்கலாம்னு" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

"கடிச்சிருக்குதா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது."

அப்பா சொம்பை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானம் எங்கள் சொந்த வீட்டிலேயே, ரசம் ஊற்ற அம்மா குனிந்தபோது, அவர் இலைமேல் கையை விரித்து "போதும்" என்றார்.

சாயங்காலம் பங்களாவிலிருந்து ஆள் வந்தான். கலெக்டர் முகாமுக்குக் கூடாரம் அடித்தாயிற்று; காலையில் மோட்டார் படகில் இருக்க வேண்டுமாம். காவல்காரரும் கூட வந்திருந்தார். "கழி தயாரா வெச்சிருக்கேனுங்க மேஸ்திரி, கவலைப்படாதீங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அப்புறம் அப்பா கரி அடுப்பை முன்னறைக்கு நடுவில் கொண்டுவந்து ஊதினார். கூட்டைச் சூடாக்கி புஷ்ஷையே வெளியே எடுக்கப் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"பொகை வருமுங்க மச்சான். கொஞ்ச நேரம் காத்தாட ஏரிக்கரைப் பக்கம் போயிட்டு வாங்களேன்."

"இருக்கட்டுங்க மாப்பிள்ளை. நான் பார்க்காத பொகையா?"

அப்பா கூட்டைத் தணலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் வாசத்தைத் தள்ளிக்கொண்டு வேறொரு வாசம் எழுந்தது. எனக்கு முதலில் கோயில் ஞாபகம்தான் வந்தது. சந்தனம் கருகுகிற வாசம்.

மாமா மூக்கை உறிஞ்சினார். அப்பா கூட்டைக் குறட்டால் எடுத்து மரத்தில் தட்டினார். புஷ் கழன்று தரையில் உருண்டு அம்மாவின் காலருகில் போய் நின்றது. அம்மா முந்தானையால் அதைப் பிடித்து எடுத்தாள். கூட்டின் அடியில் போய் உட்கார்கிற அதன் பின்புறத்தில், காய்ந்து இறுகிய சந்தனம் ஒரு பக்கமாக அப்பியிருந்தது. அந்தக் கொஞ்ச கனம்தான் புஷ்ஷைச் சாய்த்து, தண்டைச் சாய்த்து, பல்லைப் பூட்டியிருந்தது.

அம்மா வைக்கிற பொட்டு வேர்க்கடலைப் பருப்பளவுதான் இருக்கும். நடுவில் குங்குமம் இருக்கும். இது கட்டைவிரலால் அழுத்தியது. குங்குமம் இல்லை, சந்தனத்தோடு கிரீஸ் கறுப்பு கலந்திருந்தது. நசுங்கியும் அழியாமல் நடுவில் குறுக்கே ஒரு கோடு. அரிசி ஆலையில் அப்பாவின் வலது கட்டைவிரலைப் பிளந்த வெட்டு அது. அந்தக் கோட்டை என் கன்னத்தில் தொட்டுத் தெரியும் எனக்கு. அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"என்னம்மா அது? சந்தனமா?" மாமா எழுந்து வந்தார். "உள்ள யாரு வெச்சது?"

அப்பா குறட்டைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

அம்மா கொண்டை ஊசியை உருவி அந்தச் சந்தனத்தை ஒரே சுரண்டாகச் சுரண்டித் தணலில் போட்டாள். "நாந்தானுங்கண்ணா வெச்சேன்" என்றாள். "அவுரு வேண்டாமுன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடி இவளே! ஒரு பொட்டுல புருஷன் பொழப்பையே சாய்க்கப் பார்த்தயா? மாப்பிள்ளை, மன்னிச்சுக்கங்க. இத்தனை நாளா உங்க மேல தப்புன்னு நெனச்சுட்டேன்."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா விடவில்லை.

"ஏனுங்க, நின்னுட்டே இருந்தா ஆச்சா? சூடு இருக்கறப்பவே தொடச்சு மாட்டுங்க."

மாட்டினார். மூடினார். திருகாணிகளை முழுவதும் முடுக்கிய பிறகு காத்தாடியை ஒரு விரலால் தட்டினார். அது சத்தமே இல்லாமல் சுற்றி, தானாக நின்றது.

கலெக்டர் விஷயம் சொல்லும்படி இல்லை. கயிற்றை இழுத்ததும் மோட்டார் இருமியது, கிளம்பிவிட்டது. அவர் ஏரியை ஒரு தடவை சுற்றினார். புகைக்காகக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். இறங்கிப் போனார். இந்த ஒரு சுற்றுக்குத்தான் அத்தனையும். அக்கரையில் காவல்காரர் கழியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் ஏமாற்றத்தோடு நின்றார். நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஸ்டூல்மேல் ஏறிச் சாக்கைப் பரணில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கியர் பெட்டி பிடித்துக்கொண்டால் முதலில் புஷ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவை. எந்தக் கையேட்டிலும் இதுதான் வரிசை. அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. மற்ற எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர் அதை மட்டும் ஏன் கடைசிவரை தொடவில்லை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. எதிரே நாற்காலியில் மாமா இருந்தார். மாமா ஒரு காலைப்பொழுது சோளக்காடு சந்தைப் பக்கம் மிளகு விலை விசாரிக்கப் போயிருந்தால், அந்த நாட்களின் கிலி எங்களுக்கு இருந்திருக்காது. சாமி இல்லை என்று அப்பா சொன்னது பொய் என்றும் நான் நினைக்கவில்லை. அவர் சாமிக்குப் பயந்து அதை வைக்கவில்லை. நான் தினமும் காலையில் எதைப் பார்த்துப் பயந்தேனோ, அதற்கே அவரும் பயந்திருக்கிறார்.

மாமா இந்தக் கதையைச் சேந்தமங்கலம் கடைவீதி முழுக்கச் சொன்னார். "எந்தங்கச்சி பொட்டு வெச்ச மோட்டாரு" என்று ஆரம்பித்தாலே கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். கல்யாணங்களில் சொன்னார், என் கல்யாணத்திலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த வருஷமும் நாங்கள் மலையில்தான் இருந்தோம். ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனம் அரைத்தாள். பலகையில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்த பிறகும் பித்தளைக் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்தாள். துரைசாணியின் தையல் மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கத்தில் அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"நாங்க பொரி குடுத்துட்டு வாரோம். இந்தத் தடவ வெளியில மட்டும் வெச்சுக்கங்க."

அப்பா தலை நிமிரவில்லை. நாங்கள் லயத்திலிருந்து திரும்பி வந்தபோது, ஒரு சொம்பைக்கூடக் கழுவி அறியாத அந்த மனிதர், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.